மொட்டை மாடியில் சர்க்யூட் போர்டு: எந்த முறை நமக்குச் சரி?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், 'பேங்க் சார்' என்று நாம் அழைக்கும் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். வரவு, செலவு, பாக்கி, இந்த மூன்றும்தான் எனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்தக் கண்ணோடுதான் பேசப் போகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். போன கோடையில் மொட்டை மாடியில் நம் பிள்ளைகள் மூன்று பேர் சர்க்யூட் போர்டு செய்தார்கள். அதில் ஒருவன் என் பேரன். செய்து முடித்த பிறகு, மிச்சமிருந்த பழுப்புத் தண்ணீரை மாடியின் மழைநீர்க் குழாயில் ஊற்றிவிட்டார்கள். குழாயின் இணைப்பு ஒன்று கசிந்து, மூன்றாம் மாடி அம்மா வீட்டுப் பால்கனிச் சுவரில் துருக்கறை இறங்கியது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவையிலும் பட்டது. எவ்வளவு துவைத்தும் கறை போகவில்லை. அவர்கள் புகார் கொடுத்தது முழுக்க நியாயம். அதன்பேரில் 'மொட்டை மாடியில் எலக்ட்ரானிக்ஸ் வேலை எதுவும் கூடாது' என்று ஒரு தீர்மானம் தயாரானது. வாக்கெடுப்புக்கு முன்னால் எனக்கு ஒரு தவணை கொடுங்கள், விசாரித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று கேட்டேன். கொடுத்தீர்கள். நன்றி.

பிள்ளைகள் எதற்காகச் செய்தார்கள் என்பதையும் நினைவுபடுத்துகிறேன். மேல்தொட்டி நிரம்பினால் கூவும் அலாரத்துக்காக. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி வழிந்து, தண்ணீர் அரைமணி நேரம் வீணாவது நம் வளாகத்தில் வாரம் ஒருமுறை நடக்கிறது. 2019 ஜூன் மாதத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். அப்படிப்பட்ட ஊரில் தொட்டி வழிவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் மூன்று பிள்ளைகள் ஒரு வேலையில் இறங்கினார்கள். அந்த எண்ணத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சர்க்யூட் போர்டு என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிமோட், ரேடியோ, செல்போன், எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பலகை இருக்கும், பெரும்பாலும் பச்சை நிறத்தில். அதில் கோடு கோடாக ஓடுவது செம்பு. ஒவ்வொரு பாகத்தையும் கம்பியால் இணைப்பதற்குப் பதிலாக, பலகையின் மேலேயே செம்புப் பாதை போட்டுவிடுகிறார்கள். வியன்னாவில் பிறந்து இங்கிலாந்துக்குக் குடியேறிய பால் ஐஸ்லர் என்பவர் 1936 வாக்கில் இந்த முறையில் ஒரு ரேடியோ செய்து காட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் இதற்குப் பெரிய மவுசு வந்தது.

வீட்டில் செய்வதன் தத்துவம் எளிது. கடையில் ஒரு பக்கம் முழுக்கச் செம்புத் தகடு ஒட்டிய பலகை கிடைக்கும். நமக்கு வேண்டிய கோடுகளை மட்டும் எதையாவது வைத்து மூட வேண்டும். மீதிச் செம்பை மருந்தில் போட்டுக் கரைக்க வேண்டும். மூடியதைச் சுரண்டினால் கோடு தயார். எதை வைத்து மூடுகிறோம் என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. கரைத்த செம்பு எங்கே போகிறது என்பதில்தான் நம் சண்டை ஆரம்பித்தது.

என் பழைய கணக்கு

இந்த வேலை எனக்குப் புதிதல்ல. வங்கியில் சேர்ந்த புதிதில் எனக்கு ரேடியோ பைத்தியம். மூர் மார்க்கெட்டில் பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகள் வாங்குவேன். 1985-ல் அது எரிந்துபோகும் வரை சனிக்கிழமை மதியம் என்றால் என்னை அங்கேதான் தேட வேண்டும். ஒருமுறை, தங்கையின் நகப்பூச்சை எடுத்துச் செம்புப் பலகையில் கோடு வரைந்தேன். ஃபெரிக் குளோரைடு கரைசலை ஊற்ற ஒரு பாத்திரம் வேண்டுமே? அம்மாவின் அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டேன். ஊற்றிய உடனே நுரைத்தது, சூடேறியது, புகை வந்தது. சிறிது நேரத்தில் தட்டு ஓட்டை. அந்த மருந்து செம்பைவிட அலுமினியத்தை வேகமாகத் தின்னும் என்பது எனக்குத் தெரியாது. மிச்சத்தைத் தெருச் சாக்கடையில் கொட்டினேன். அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை.

இப்போது முக்கியமான ஒன்றை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். போன கோடையில் பிள்ளைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது நான். "தாத்தா, மிச்சத்தை என்ன செய்யறது?" என்று பேரன் கேட்டான். "நிறையத் தண்ணி விட்டு ஊத்திடுங்கடா" என்று சொன்னதும் நான்தான். மூன்று மாதமாக மூன்று பிள்ளைகள் திட்டு வாங்குகிறார்கள். வங்கி வழக்கத்தில் சொன்னால், அந்த வவுச்சரில் கையெழுத்து என்னுடையது. மூன்றாம் மாடி அம்மாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவும் புடவையின் விலையும் என் பொறுப்பு. புடவைக்குப் பணம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னது அவர்களின் பெருந்தன்மை.

மூன்று கிராம் செம்பின் கணக்கு

"நிறையத் தண்ணீர்" என்றேனே, எவ்வளவு தண்ணீர்? அதைப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பிள்ளைகள் எடுத்த பலகை 10 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர். அதன்மேல் உள்ள செம்பின் கனம் வழக்கமாக 35 மைக்ரான். செம்பின் அடர்த்தியால் பெருக்கினால் மொத்தம் சுமார் 4.7 கிராம் வருகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 3 கிராம், அதாவது 3,000 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஒரு லிட்டரில் 0.05 மில்லிகிராம் செம்பு வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. 3,000-ஐ 0.05-ஆல் வகுத்தால் 60,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் ஐந்து லாரித் தண்ணீர். ஒரு உள்ளங்கை அகலப் பலகைக்கு! நான் மனதில் நினைத்த 'நிறையத் தண்ணீர்' இரண்டு பக்கெட்.

அடுத்தது, அந்தக் குழாய் எங்கே போகிறது? 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது நம் கட்டடத்திலும் மாடிக் குழாய்களை மழைநீர்க் குழிக்குத் திருப்பினோம். அந்தக் குழி நம் ஆழ்துளைக் கிணற்றின் பக்கத்திலேயே இருக்கிறது. ஊற்றியது அத்தனையும் கிணற்றுக்குப் போகும் என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். செம்பின் பெரும்பகுதியை மண் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஊற்றினால் நம் மண்ணிலேயே சேமிப்புக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். அந்தக் கணக்கில் பணம் எடுக்க வழி கிடையாது.

கழிவறையில் ஊற்றினால்? அது கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே கழிவைச் செரிப்பது நுண்ணுயிரிகள். செம்பு அவற்றுக்கு விஷம். தெரு மழைநீர் வடிகாலில் ஊற்றினால் கால்வாய் வழியாக எண்ணூர்ப் பக்கம் போய்ச் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படகும் வலையும் கறுத்துப்போனதைப் பார்த்தோம். நாம் ஊற்றுவது அதோடு ஒப்பிட்டால் ஒரு துளிதான். ஆனால் நாமும் ஊற்றிவிட்டு அவர்களைக் கேள்வி கேட்க முடியாது.

எத்தனை வழிகள் இருக்கின்றன?

இனி முறைகளுக்கு வருகிறேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று பத்தி எழுதிப் பார்த்தேன். ஒன்று, நிலைச்செலவு: ஒரு போர்டு செய்தாலும் நூறு செய்தாலும் ஒருமுறை போட வேண்டிய முதல். இரண்டு, மாறும் செலவு: ஒவ்வொரு போர்டுக்கும் ஆவது. மூன்று, பேலன்ஸ் ஷீட்டின் அடிக்குறிப்பில் வருமே, எதிர்பாராப் பொறுப்பு: இன்று பணமாகத் தெரியாது, நாளை யார் தலையிலாவது விழும். போன கோடையில் நான் பார்க்கத் தவறியது இந்த மூன்றாம் பத்தியைத்தான்.

முதல் வழி, துளைப் பலகை. கடையில் ஜெனரல் பர்ப்பஸ் போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளையிட்டு வரும். பாகங்களைச் செருகி, கம்பியால் இணைத்துச் சால்டர் செய்ய வேண்டியதுதான். மருந்து இல்லை, கறை இல்லை. முதல் என்று பார்த்தால் சால்டரிங் அயர்ன் மட்டும். குறை என்னவென்றால், பெரிய சர்க்யூட்டுக்குப் பின்பக்கம் நூல்கண்டு சிக்கியது போல் ஆகிவிடும். இரண்டாவது போர்டு செய்யும்போது முதலிலிருந்து அத்தனை வேலையும் மறுபடி.

இரண்டாம் வழி, பேனா. அழியாத மார்க்கர் பேனாவால் செம்பில் நேராகக் கோடு வரைந்து மருந்தில் போடுவது. நான் நகப்பூச்சில் செய்தது இதன் அண்ணன். முதல் செலவு இல்லையென்றே சொல்லலாம். தடித்த கோடு, ஏழெட்டுப் பாகம் என்றால் போதும். ஐசி கால்களுக்கு நடுவே கோடு ஓட்ட வேண்டும் என்றால் கை நடுங்கும் என் போன்றவர்களுக்கு ஆகாது.

மூன்றாம் வழி, டோனர். வீட்டில் செய்பவர்கள் அதிகமாகக் கையாள்வது இதுதான். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை லேசர் பிரிண்டரில், வழவழப்பான தாளில் அச்சடித்து, செம்பின்மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்ப்பது. லேசர் மை உண்மையில் பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தால் கோடு நிற்கும். இங்க்ஜெட் மை இதற்கு உதவாது. இரண்டு எச்சரிக்கை. செம்பை நன்றாகத் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவ வேண்டும், விரல் ரேகை பட்டாலே ஒட்டாது. இன்னொன்று, தாளில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவது போல் திரும்பி இருக்க வேண்டும். அப்போதுதான் செம்பில் நேராக விழும். பிள்ளைகளின் முதல் தாளில் எழுத்து நேராக இருந்தது. செம்பில் எல்லாம் இடம் வலமாக மாறி, ஐசி கால்கள் எதுவும் பொருந்தவில்லை. ஆகவே படத்தின் ஓரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு எழுத்தைப் போட்டு வையுங்கள். அது உங்கள் தணிக்கையாளர்.

நான்காம் வழி, ஒளிப்படலம். நீல நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று கிடைக்கும். அதைச் செம்பில் ஒட்டி, மேலே படம் அச்சடித்த கண்ணாடித் தாளை வைத்து, புறஊதா விளக்கைக் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகும். படாத இடத்தை நீர்த்த சலவைச் சோடாக் கரைசல் கழுவிவிடும். பழைய ஃபோட்டோ ஸ்டூடியோ இருட்டறை வேலையைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். நுணுக்கமான கோடுகள் அழகாக வரும். ஆனால் படலத்தை உரிக்கக் காஸ்டிக் சோடா வேண்டும். அது தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும். பிள்ளைகள் மட்டும் தனியாகச் செய்யக் கூடாத வேலை.

ஐந்தாம் வழி, இயந்திரம். கம்ப்யூட்டர் ஓட்டும் சிறிய செதுக்கு இயந்திரம், கோடுகளைச் சுற்றியுள்ள செம்பைச் சுரண்டி எடுத்துவிடும். மருந்தே வேண்டாம். ஆனால் முதல் அதிகம், சத்தமும் உண்டு. பலகைக்குள் இருப்பது கண்ணாடி இழை. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. மூடிய பெட்டியும் தூசு உறிஞ்சியும் இல்லாமல் அடுக்குமாடி வீட்டில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆறாம் வழி, வெளியே கொடுத்துச் செய்வது. கைகேட் என்ற இலவச மென்பொருளில் வரைந்து கோப்பை அனுப்பினால், பெங்களூரு, குஜராத் பக்கத் தொழிற்சாலைகளிலோ சீனாவிலோ செய்து கூரியரில் அனுப்பிவிடுவார்கள். குறைந்தது ஐந்து, பத்து என்று எண்ணிக்கை வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து நாள் காத்திருக்க வேண்டும். வரும் போர்டு இரண்டு பக்கமும் கோடு உள்ளது, துளைக்குள் உலோகப் பூச்சு, மேலே பச்சை மேல்பூச்சு. அந்தப் பச்சை மேல்பூச்சு நமக்கு முக்கியம். கடற்காற்று வீசும் வடசென்னையில் மூடாத செம்பு சீக்கிரம் பச்சை பூத்துவிடும். ஒரு தொழிற்சாலையில் கழிவு நீருக்குச் சுத்திகரிப்பு வைக்கச் சட்டம் இருக்கிறது. நம் மொட்டை மாடியில் அப்படி எதுவும் இல்லை.

மருந்து எது?

இரண்டு, மூன்று, நான்காம் வழிகளுக்குக் கரைக்கும் மருந்து வேண்டும். வழக்கமானது ஃபெரிக் குளோரைடு. ரிச்சி தெருவில் சின்னப் பொட்டலமாகவே கிடைக்கும். சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். இதில் காட்டமான புகை குறைவு. ஆனால் படும் இடமெல்லாம் துருக்கறை. எவர்சில்வர் தொட்டியையும் அரித்துப் புள்ளி விழவைக்கும். அலுமினியம் என்ன ஆகும் என்பது என் அம்மாவுக்குத் தெரியும். பிளாஸ்டிக் தட்டு மட்டுமே சரி. தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தூளின்மேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும்.

சோடியம் பெர்சல்பேட் என்று இன்னொன்று உண்டு. தெளிவாக இருக்கும், துருக்கறை கிடையாது. துணியில் பட்டால் வெளுக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடோடு எலுமிச்சை உப்பும் சாப்பாட்டு உப்பும் கலப்பது மூன்றாவது. மெதுவாக வேலை செய்யும், கடுமை குறைவு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு பெராக்சைடு சேர்ப்பது சீக்கிரம் வேலையை முடிக்கும். ஆனால் அதன் புகை மூச்சை அடைக்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைக்கூடத் துருப்பிடிக்க வைக்கும். அடுக்குமாடியில் அது வேண்டவே வேண்டாம்.

இதில் யாரும் ஏமாறக் கூடாத ஒன்று: எந்த மருந்தில் கரைத்தாலும் செம்பு அதே 3 கிராம்தான். 'இயற்கையான எலுமிச்சை உப்பு' என்பதால் கழிவு இயற்கையாகிவிடாது. அதனால் ஒரு சின்ன சிக்கனம் சொல்கிறேன். படம் வரையும்போது கோடு இல்லாத வெற்றிடத்தையும் செம்பாகவே விட்டு, கிரவுண்டோடு இணைத்துவிடலாம். மருந்தும் மிச்சம், நேரமும் மிச்சம். கரைக்காத செம்பு கழிவாகாது.

மிச்சத்தை என்ன செய்வது?

பேரன் அன்று கேட்ட கேள்விக்கு மூன்று மாதம் கழித்துச் சரியான பதில் சொல்கிறேன்.

ஒருமுறை பயன்படுத்தியதுமே கொட்ட வேண்டியதில்லை. வேகம் குறையும் வரை பல போர்டுகளுக்கு அதே கரைசலைப் பயன்படுத்தலாம். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில், 'விஷம், குடிக்காதே' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டி, பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். குடிநீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஒருநாளும் ஊற்றக் கூடாது. பார்ப்பதற்கு அப்படியே காபி டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும். ஒரு சின்னக் குழந்தை எடுத்து வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. புடவைக் கறையோடு நாம் தப்பித்தோம்.

வேகம் தீர்ந்த பிறகு, திறந்த வெளியில், பிளாஸ்டிக் வாளியில் வைத்துச் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பொங்கும். பொங்குவது நின்றால் அமிலத்தன்மை தீர்ந்தது. செம்பும் இரும்பும் சேறாக அடியில் படியும். அதை அகலமான பிளாஸ்டிக் தட்டில், மழை படாத இடத்தில், வெயிலில் முழுக்க உலர்த்தி, தூளை மூடிய டப்பாவில் அடைத்துப் பெயர் எழுதி வைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே ஈரக் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. நம் டப்பா மூன்றாவது வகை. பேட்டரி, டியூப்லைட் போன்றவற்றோடு சேர்த்து மாநகராட்சிப் பணியாளர்களிடம், என்ன என்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும். குப்பை அள்ளுகிறவர் கையும் கைதானே.

அப்படியானால் எது சரி?

'எந்த முறை சிறந்தது?' என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. வங்கியில் எந்த டெபாசிட் சிறந்தது என்று கேட்டு வருபவரிடம், எவ்வளவு பணம், எத்தனை நாள், நடுவில் எடுக்க வேண்டி வருமா என்று திருப்பிக் கேட்போம். அதுபோல இதற்கும் மூன்று கேள்வி. எத்தனை போர்டு வேண்டும்? கோடு எவ்வளவு நுணுக்கம்? கழிவு எங்கே போகும்?

ஒன்றே ஒன்று, அதுவும் சோதனைக்கு என்றால் துளைப் பலகை. ஒரே மாதிரி நாலைந்து என்றால் வெளியே கொடுப்பது. இன்றைக்கே வேண்டும், கோடு தடித்தது, கழிவுக்கு ஏற்பாடு இருக்கிறது என்றால் டோனர். நுணுக்கமான கோடு, அதுவும் இன்றைக்கே என்றால் பெரியவர் துணையோடு ஒளிப்படலம். கழிவுக்கு ஏற்பாடு இல்லை என்றால் மருந்து தொடும் எந்த முறையும் வேண்டாம். அவ்வளவுதான்.

நம் தொட்டி அலாரத்தையே எடுத்துக்கொள்வோம். நாலைந்து டிரான்சிஸ்டர், நாலைந்து விளக்கு, ஒரு பஸ்ஸர். உண்மையைச் சொன்னால் இதற்கு மருந்தே தேவைப்பட்டிருக்காது. ஒரு மாலையில் துளைப் பலகையில் முடித்திருக்கலாம். போன மாதம் பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள். ஏ-பிளாக் தொட்டியில் அது இரண்டு வாரமாகக் கூவிக்கொண்டிருக்கிறது. தூக்கம் கெடுகிறது என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். கூவுவது அலாரத்தின் தப்பில்லை, மோட்டாரை நிறுத்தாதவரின் தப்பு.

இது சரியாக ஓடினால், மூன்று தொட்டிக்கும் சேர்த்து ஐந்து போர்டு வெளியே கொடுத்துச் செய்யலாம். மூன்று பொருத்த, இரண்டு உதிரி. அலாரம் ஓடுவது 12 வோல்ட்டில். மோட்டாரின் மின்சாரத்தைப் பிள்ளைகள் செய்த போர்டு தொடவே கூடாது. அது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேலை.

அப்படியென்றால் டோனரும் மருந்தும் எதற்கு, தடை போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். என் பதில் இது. படம் வரைந்த பலகை மருந்துக்குள் போய், கால்மணி நேரத்தில் கோடு கோடாக வெளியே வருவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். கூரியரில் வரும் பெட்டி அதைக் கொடுக்காது. கழிவின் பொறுப்பையும் சேர்த்தே கற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளை நாளை ஒரு தொழிற்சாலையில் உட்காரும்போது, 'மிச்சம் எங்கே போகிறது?' என்று கேட்கும். நாம் தடை போட்டால் வேலை நிற்காது, குளியலறைக்குள் போய்விடும். அங்கே யார் பார்ப்பது?

ஆகவே தடைத் தீர்மானத்துக்குப் பதிலாக ஐந்து விதிகளை முன்மொழிகிறேன்.

1. மருந்து வேலை மாதம் ஒரு ஞாயிறு காலை மட்டும், பி-பிளாக் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கோடியில், ஒரு பெரியவர் முன்னிலையில்.

2. கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் தட்டு இல்லாமல் யாரும் தொடக் கூடாது. சால்டரில் ஈயம் உண்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் தின்பண்டம் கூடாது.

3. மருந்து ஃபெரிக் குளோரைடு அல்லது பெர்சல்பேட் மட்டும். அமிலத்துக்கு அனுமதி இல்லை.

4. ஒரு சொட்டும் எந்தக் குழாயிலும் போகக் கூடாது. கழுவிய முதல் தண்ணீரும் வாளிக்கே. மருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு இருப்பு, எவ்வளவு உலர்ந்த கழிவாக வெளியே போனது என்று ஒரு பேரேடு. அதை நான் எழுதுகிறேன். எனக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வரும்.

5. செலவு செய்பவர்களுடையது. சங்க நிதியிலிருந்து ஒரு பைசா வேண்டாம்.

ஐந்தாவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். நாம் தினமும் நடக்கும் வால்டாக்ஸ் ரோட்டின் பெயர்க் கதை எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள். அதில் இருந்த வாசல்களில் ஒன்றின் பெயர்தான் நம் யானைக்கவுனி. கட்டிய செலவை உள்ளே குடியிருந்தவர்கள் தலையில் வரியாகப் போடப் பார்த்தார்கள். மதிலின் பெரும்பகுதி போய்விட்டது, வரி என்ற பெயர் ரோட்டில் நிற்கிறது. ஒருவர் செய்யும் வேலைக்கு இன்னொருவர் தலையில் செலவைக் கட்டினால் அது எத்தனை தலைமுறை ஆனாலும் பேச்சாக நிற்கும். போன கோடையில் நான் மூன்றாம் மாடி அம்மாவின் தலையில் கட்டியது அப்படி ஒரு வரி. இனி அது நடக்காது என்று நானும் இந்த மூன்று பிள்ளைகளும் கையெழுத்துப் போட்ட கடிதத்தைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம்.

வாக்களிப்பது உங்கள் விருப்பம். தடைதான் என்று முடிவானால் மதிப்போம். விதிகளே போதும் என்று முடிவானால், முதல் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பாருங்கள். குறிப்பாக மூன்றாம் மாடி அம்மா வர வேண்டும். முதல் முன்னிலைப் பெரியவராக அவர்கள் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.